வலிக்காத புண்ணுக்கு ஒரு காவல்

ஆண்டுதோறும் ஆகஸ்டு 29ஆம் நாள் பெசன்ட் நகர் அன்னை வேளாங்கண்ணித் திருத்தலத்தில் கொடி ஏறுகிறது. செப்டம்பர் 8 வரை, காவியுடை அணிந்த பக்தர்கள் நகரின் பல பகுதிகளிலிருந்தும் வெறுங்காலுடன் நடந்து வருகின்றனர். தார்ச்சாலையின் சூட்டில் உள்ளங்கால் கொப்பளித்தால் நலமுள்ளவர் உடனே உணர்வார். நீண்ட நாள் நீரிழிவு நோயாளிகளுள் பலர் அதனை உணர்வதில்லை.

“புண் சிறியதுதான், சாமி, வலியே இல்லை” என்று முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆபத்தே அதில்தான் உள்ளது. இரத்தத்தில் மிகுந்த சர்க்கரை, காலின் நரம்புகளைக் கெடுத்து உணர்ச்சியை மங்கச் செய்கிறது. இரத்த ஓட்டமும் குறைகிறது. கிருமிகள் ஓசையின்றிப் பெருகுகின்றன. சீழும் நாற்றமும் காட்டிக்கொடுக்கும்போது, சிலருக்கு விரலையோ காலையோ இழக்க நேரிடுகிறது. இந்தியாவில் ஏறத்தாழ 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு உள்ளதென 2023இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. ஆகவே இது நம் இல்லங்களின் கவலையே.

உடல் எச்சரிக்கத் தவறும்போது, கட்டுத்துணியே எச்சரிக்குமா? எச்சரிக்கும் என்கிறது அறிவியல். நலமான தோல் சற்று அமிலத்தன்மை உடையது. தொற்று கண்ட புண்ணோ காரத்தன்மையை நோக்கிச் செல்கிறது. இவ்வுண்மையைக் கொண்டு, சுவீடன் நாட்டு லிங்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தார் 2023இல் ஒரு கட்டினை அறிவித்தனர். பாக்டீரியாக்கள் உருவாக்கும் நானோசெல்லுலோசாலான அக்கட்டில் ஒரு சாயம் சேர்க்கப்பட்டுள்ளது. புண்ணின் பி.எச். அளவு 7ஐத் தாண்டினால் மஞ்சள் நிறம் நீலமாகிறது. அடிக்கடி கட்டைப் பிரித்தால் ஆறிவரும் சதை சிதையும். இதிலோ பிரிக்காமலே நிலையை அறியலாம். ஆயினும் நிறம் ஓர் எச்சரிக்கை மட்டுமே; தொற்றை உறுதி செய்ய வேண்டியவர் மருத்துவரே.

நம் அடையாறும் இத்துறைக்குப் புதிதன்று. 1948இல் தொடங்கப்பெற்ற மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம், தோலிலுள்ள கொலாஜன் என்னும் புரதத்தைக் கொண்டு புண்ணை மூடும் மென்படலங்களை உருவாக்கியுள்ளது.

நிறம் மாறும் கட்டு நம் தெருவின் மருந்துக் கடைக்கு வரும்வரை, அதன் பணியை யார் செய்வது? வீட்டிலுள்ளோரே. நாள்தோறும் இரவில் பெரியவரின் பாதத்தை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள், விரலிடுக்கையும் விட்டுவிடாதீர்கள். சிவப்பு, வீக்கம், சூடு, நீர்க்கசிவு, நாற்றம் ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மஞ்சளும் காப்பித்தூளும் அப்பிக் காத்திருக்க வேண்டாம்.

நேர்ச்சை நடைக்குப் புறப்படும் நீரிழிவு அன்பர்களுக்கு ஒரு சொல்: காலுறையும் ஏற்ற காலணியும் அணிந்து நடங்கள். அதனால் உங்கள் நேர்ச்சை சிறிதும் குறைந்துவிடாது. அடுத்த ஆண்டும் நடந்து வரக் கால்கள் வேண்டுமல்லவா?