மெழுகுவர்த்தி ஊர்வலத்தில் பாடுவது யார்?

அரங்கத்தில் ஓர் இளைஞர் கேட்ட கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். "அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் திறந்தவெளியில் கிறிஸ்துவ இசை விழா நடத்துகிறார்கள். நம் பினாங்கில் ஏன் அப்படி ஒன்று இல்லை?" என்றார்.

இல்லை என்று யார் சொன்னது, நேயர்களே? ஒவ்வோர் ஆண்டும் ஜூலையில் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் ஆலயத் திருவிழாவுக்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்து போகிறார்கள். செபிக்கிறார்கள், மெழுகுவர்த்தி ஏந்தி நடக்கிறார்கள், நடந்துகொண்டே பாடுகிறார்கள். நட்சத்திரப் பாடகரும் நுழைவுச் சீட்டும் இல்லாத காரணத்தால் அதற்கு இசை விழா என்று நாம் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த இளைஞர் மனத்தில் வைத்திருந்த விழாக்களுக்கு வயது அதிகமில்லை. 1969-ல் அமெரிக்காவில் வுட்ஸ்டாக் இசைவிழா உலகையே திரும்பிப் பார்க்க வைத்தது. மறு ஆண்டே, 1970-ல், கெண்டக்கி மாநிலத்தின் வில்மோர் என்ற சிற்றூரில் 'இக்தஸ்' என்ற கிறிஸ்துவ இசை விழா தொடங்கியது. இங்கிலாந்தில் 1974-ல் 'கிரீன்பெல்ட்' வந்தது. மேடையில் கித்தார், கீழே புல்வெளியில் இளைஞர் கூட்டம். நல்ல விழாக்கள்தாம், குறை சொல்லவில்லை. ஆனால் அங்கே பாடுகிறவர் மேலே, கேட்கிறவர் கீழே.

புக்கிட் மெர்தாஜாம் கதை வேறு. அங்கே முதல் சிற்றாலயம் எழுந்தது 1846-ல். குன்றடியில் இன்றும் நிற்கிற பழைய ஆலயம் 1888-ல் கட்டப்பட்டது. பிரெஞ்சு மறைபரப்பாளர்கள், ஹாக்கா சீன விவசாயிகள், தமிழ் உழைப்பாளிகள் ஆகியோர் சேர்ந்து வளர்த்த தலம் அது. 1948-ல் பிறந்த அவசரகாலம் அந்த இடத்தை ஆளில்லாமல் செய்தது. பழைய ஆலயம் மீண்டும் திறக்கப்பட்டது 1977-ல்தான். புதிய பெரிய ஆலயம் 2002-ல் வந்தது. புனிதையின் திருநாள் ஜூலை 26. அதற்கு முன் ஒன்பது நாள் நவநாள். எவ்வளவு பெரிய ஆலயம் கட்டினாலும் அந்தக் கூட்டம் உள்ளே அடங்காது. ஆகவே விழா வெளியேதான்.

இந்த 'வெளியே' என்பதில் நம் மொழிக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாடு பற்றிய சட்டத்தை 1963 டிசம்பரில் வெளியிடும் வரை, கத்தோலிக்கப் பூசையின் மொழி பெரும்பாலும் லத்தீன். தோட்டத்திலிருந்து வந்த நம் பாட்டனார் உள்ளே முழந்தாளிட்டு லத்தீனைக் கேட்டார். வாய்விட்டுத் தமிழில் பாட அவருக்குத் தாராளமாக இடம் கிடைத்தது எங்கே? நவநாளில், பவனியில், தேருக்குப் பின்னால். தமிழ்ப் பாட்டு பீடத்தருகே வருவதற்கு வெகுகாலம் முன்பே தெருவில் அது நடந்துகொண்டிருந்தது.

சரி, திறந்தவெளியில் ஒரு பெருங்கூட்டம் சேர்ந்து பாடுவது எளிதா? தொலைக்காட்சி வேலையில் ஒலிப்பதிவாளர்களோடு மல்லுக்கட்டிப் பழகியவன் என்பதால் சொல்கிறேன், கடினம். நம் ஊர் வெப்பத்தில் ஒலி காற்றில் நொடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் போகும். நிதானமான பக்திப் பாடலில் ஒரு தாளத் தட்டுக்கு ஏறக்குறைய ஒரு நொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊர்வலத்தின் தலைக்கும் வாலுக்கும் 350 மீட்டர் இருந்தால், முன்னால் பாடியது பின்னால் வருகிறவர் காதில் ஒரு தட்டு பிந்தித்தான் விழும். அவர் குரல் முன்னே திரும்பி வர இன்னொரு தட்டு. ஒலிபெருக்கியைக் கம்பத்துக்குக் கம்பம் கட்டினாலும் தொல்லை தீராது. கம்பியில் மின்சாரம் உடனே ஓடிவிடும்; எல்லாப் பெட்டியும் ஒரே நேரத்தில் ஒலிக்கும். ஆனால் அருகிலுள்ள பெட்டி முதலிலும் தூரத்துப் பெட்டி பிறகும் காதுக்கு வரும். ஒரே சொல் இரண்டு முறை கேட்கும். மேடை ஓரிடத்தில் நின்றால், தூரத்துப் பெட்டிகளின் ஒலியைக் கருவி மூலம் சற்றுத் தாமதப்படுத்திச் சரிசெய்வார்கள். நடக்கிற கூட்டத்துக்கு மேடை எது?

இதற்கு நம்முடைய பாட்டு முறையிலேயே மருந்து இருக்கிறது. பல்லவி சிறியது, திரும்பத் திரும்ப வருவது. முன்னவர் ஓரடியைப் பாடி முடித்த பிறகே கூட்டம் அதை வாங்கிப் பாடுகிறது. ஒரு தட்டு பிந்தினாலும் குற்றமில்லை. பிந்துவதற்கே இடம் விட்டு வைத்த முறை அது. தண்ணீர்மலைக்குக் காவடிகளோடு நடந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) போன்றோர் கிறிஸ்துவப் பாட்டைப் பல்லவி, சரணம் என்று கீர்த்தனையாகக் கட்டியபோது, எழுத்தறியாதவரும் சேர்ந்து பாட வழி பிறந்தது. அவர் புரொட்டஸ்டண்ட், இது கத்தோலிக்கத் தலம் என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். பாட்டு முறைக்குச் சபை கிடையாது. செபமாலையும் இதே ஏற்பாடுதான். பாதியை ஒருவர் சொல்ல, மீதியைக் கூட்டம் முடிக்கிறது. நான் நடந்த ஆண்டில் ஒரு பத்து மணி தமிழிலும் அடுத்தது மாண்டரினிலும் போயிற்று. நான் இந்து வீட்டுப் பிள்ளை. அம்மாவின் நேர்த்திக்கடனுக்காகப் போனவன். எனக்கும் பதில் சொல்ல வந்துவிட்டது.

இப்போது என் கவலைக்கு வருகிறேன். முன்பொரு முறை ஒரு திறந்தவெளி வழிபாட்டைப் பதிவு செய்தோம். ஒலி தெளிவாக இருக்கட்டும் என்று ஒலிக்கலவை மேசையிலிருந்து நேரே கம்பி போட்டு எடுத்தேன். தொகுக்கும்போது போட்டுக் கேட்டால், ஐந்து பாடகர்களும் ஒரு கீபோர்டும் மட்டும் துல்லியமாக இருந்தார்கள். படத்தில் ஆயிரம் பேர், ஒலியில் ஒருவரும் இல்லை! தப்பு என்னுடையது. கேமராவின் சொந்த மைக்கில் கூட்டத்தின் குரல் கிடைக்கும் என்று அதைத் திறந்து பார்த்தேன். அங்கும் பெட்டிகளின் சத்தம்தான் பெரிது. பக்கத்தில் நின்றவர்கள் வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு உரக்க ஒலிக்கும்போது தன் குரல் தனக்கே கேட்காது. தன் குரல் கேட்காதவர் எத்தனை நேரம் பாடுவார்?

ஆகவே அந்த இளைஞருக்கு என் பதில் இது. பெரிய மேடை, பெரிய திரை, அதிரும் பெட்டிகள் எல்லாம் வேறு ஒரு நாளுக்கு இருக்கட்டும். நானே தொகுத்து வழங்க வருகிறேன். ஊர்வல இரவில் மட்டும் வேண்டாம். பெட்டியின் ஒலியை முதல் அடிக்கு மட்டும் வைத்து, பதில் அடிக்குத் தணிக்கச் சொல்லுங்கள். அதற்கு ஒரு காசு செலவில்லை.

இன்னொன்று. பல இடங்களில் தமிழ்ப் பாடகர் குழுப் பிள்ளைகள் கையில் வைத்திருக்கும் தாளில் தமிழ்ப் பாட்டு ரோமன் எழுத்தில் அச்சாகியிருக்கிறது. கேலி செய்யாதீர்கள். தேசியப் பள்ளியில் தமிழ் படிக்க வாய்ப்பில்லாமல் போன பிள்ளை, பாடவாவது வந்திருக்கிறது. ஆனால் ழகரத்தையும் ளகரத்தையும் அந்தத் தாள் சொல்லித் தராது. பக்கத்தில் பாடுகிற பாட்டியின் வாய்தான் சொல்லித் தரும். அந்தப் பாட்டியின் குரலையும் ஒலிபெருக்கி மூடிவிட்டால், பிள்ளை யாரைப் பார்த்துத் திருத்திக்கொள்ளும்?

அடுத்த ஜூலையில் ஜோர்ஜ்டவுனிலிருந்து பெர்ரி ஏறி, பட்டர்வொர்த் வழியாக ஒருமுறை போய்வாருங்கள். எந்த மதத்தவர் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. பாடத் தொடங்கியதும் ஒலிபெருக்கிக் கம்பத்தை விட்டு இருபது அடி தள்ளி, வயதானவர்கள் நடக்கும் வரிசையில் சேர்ந்துகொள்ளுங்கள்.