கணினிக்கு மூச்சைச் சொல்லித்தருவது எப்படி?

“கீபோர்டுல நாதஸ்வரம்னு ஒரு டோன் இருக்குண்ணே. சுரமெல்லாம் சரியாத்தான் வருது. ஆனா உயிரே இல்ல. ஏன்?” கிள்ளையில் டீ குடிக்கும்போது, லேப்டாப்பில் பாட்டு போடப் பழகிவரும் ஒரு தம்பி இப்படிக் கேட்டான். மாசி மகத்தன்று ஸ்ரீமுஷ்ணம் பூவராகசாமி தீர்த்தவாரிக்கு வந்திறங்கும் ஊர் இது. நாதஸ்வரம் எப்படி ஒலிக்க வேண்டும் என்று இந்த ஊர்ப் பையனின் காதுக்குத் தெரியும். அதனால்தான் குறை உடனே தட்டுப்பட்டிருக்கிறது. அவனுக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள் தம்பி. உன் கீபோர்டிலிருந்து லேப்டாப்புக்குப் போவது ஒலி இல்லை, எண்கள். எந்தக் கட்டை, எவ்வளவு வேகமாக அழுத்தினாய், எப்போது விட்டாய் என்பவை மட்டும்தான் போகும். ஒலியை உண்டாக்குவது உள்ளே இருக்கும் மென்பொருள் சிந்தசைசர். இந்த எண்மொழிக்குத்தான் மிடி என்று பெயர். அமெரிக்காவின் டேவ் ஸ்மித்தும் ஜப்பானின் இக்குத்தாரோ காகெஹாஷியும் முன்னின்று உருவாக்கியது. 1983 ஜனவரியில் இருவரின் கம்பெனி சிந்தசைசர்களையும் ஒரே கேபிளில் இணைத்து, ஒன்றை வாசித்தால் மற்றதும் ஒலிப்பதைக் கண்காட்சியில் காட்டினார்கள். பழைய மிடி கேபிளில் நொடிக்கு 31,250 பிட்டுகள் போகும். ஒரு சுரத்தைத் தொடங்கச் சொல்லும் செய்திக்கு ஏறக்குறைய ஒரு மில்லிநொடி ஆகும்.

இப்போது உன் கேள்விக்கு வருவோம். கட்டையை அழுத்திய வேகம் ஒரே ஒரு எண். அழுத்திய கணத்தோடு அதன் வேலை முடிந்தது. நாதஸ்வரக்காரருக்கோ சுரம் தொடங்கிய பிறகுதான் வேலையே. மூச்சை ஏற்றி இறக்குவார், வாயில் வைத்து ஊதும் சீவாளியில் உதட்டின் பிடியை மாற்றுவார், துளையைப் பாதி மூடித் திறப்பார். நீ எழுதிய பாட்டில் அந்தச் செய்தி எதுவும் போகவில்லை. அதனால் சுரம் பிறந்தபடியே கிடக்கிறது.

அந்தச் செய்தியை அனுப்ப மிடியிலேயே வழி இருக்கிறது: கன்ட்ரோல் சேஞ்ச், சுருக்கமாக சிசி. ஒவ்வொரு சிசிக்கும் ஓர் எண் உண்டு. அதனுடன் போகும் மதிப்பு 0 முதல் 127 வரை. 1 என்பது கீபோர்டின் இடப்பக்கம் இருக்கும் மாடுலேஷன் சக்கரம். 2 மூச்சுக் கருவி, 7 வால்யூம், 11 எக்ஸ்பிரஷன், 64 சஸ்டெய்ன் பெடல், 74 ஒலியின் பளிச்சென்ற தன்மை. இந்த மதிப்பை வாங்கி சிந்தசைசரில் எந்தத் திருகைத் திருப்புவது என்பதை நீதான் தீர்மானிக்கிறாய்.

இணைக்க இரண்டு வழிகள். முதலாவது, மிடி லேர்ன். சர்ஜ் எக்ஸ்டி, வைட்டல் போன்ற சிந்தசைசர்களில் வேண்டிய திருகின்மேல் வலது கிளிக் செய்து, லேர்ன் என்பதைத் தேர்ந்து, சக்கரத்தை ஒருமுறை அசைத்தால் இரண்டும் பிணைந்துவிடும். சர்ஜ் இலவசம், வைட்டலுக்கும் இலவசப் பதிப்பு உண்டு. இந்த வழியில் சக்கரம் எங்கே நிற்கிறதோ அங்கேயே திருகும் போய் நிற்கும்.

இரண்டாவது, மாடுலேஷன். திருகை ஓர் இடத்தில் வைத்துவிட்டு, சக்கரம் அதை எவ்வளவு தூரம் தள்ளலாம் என்று மட்டும் அளவு சொல்வது. திருகு வைத்த இடத்தோடு, சக்கரத்தின் மதிப்பை அந்த அளவால் பெருக்கிக் கூட்டினால் கிடைப்பதுதான் ஒலிக்கும். சக்கரம் பூஜ்யத்துக்கு வந்தால் ஒலி பழைய நிலைக்குத் திரும்பும். ஒரே சக்கரத்தை வால்யூமுக்குக் கொஞ்சம், ஒலியின் பளிச்சைக் கூட்டிக் குறைக்கும் ஃபில்டருக்கு அதிகம் என்று பகிர்ந்தும் கொடுக்கலாம். நாதஸ்வரத்தில் மூச்சு ஏறினால் சத்தம் கூடுவதோடு ஒலியும் பளிச்சிடும். ஆகவே உனக்கு வேண்டியது இரண்டாவது வழி.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை போகும் ஃபில்டரை 127 படிகளில் ஏற்றினால், ஒவ்வொரு படியும் ஏறக்குறைய ஓர் அரைச்சுரம் அகலம். மெதுவாகத் திருப்பும்போது தடதடவென்று படி தெரியலாம். நல்ல சிந்தசைசர்கள் நடுவில் இழைத்துக் கொடுக்கும். நீயும் ஃபில்டரின் முழு வீச்சையும் சக்கரத்துக்குக் கொடுக்காதே. தேவையான சிறு பகுதியை மட்டும் கொடுத்தால் படிகள் நெருக்கமாகும். 2020இல் வந்த மிடி 2.0 இந்த மதிப்புகளை 32 பிட்டாக்கிக் குறையைத் தீர்க்கிறது. ஆனால் இரண்டு பக்கக் கருவிகளும் அதை ஏற்க வேண்டும்.

சுருதியை வளைக்கும் பிட்ச் பெண்ட் சக்கரத்துக்குத் தொடக்கத்திலேயே 16,384 படிகள் வைத்துவிட்டார்கள். காது சுருதியில் சிறு பிசகையும் கண்டுபிடித்துவிடும் அல்லவா? வழக்கமாக அது மேலே இரண்டு அரைச்சுரம், கீழே இரண்டு அரைச்சுரம் போகும். தோடியை எடுத்துக்கொள். காந்தாரக் கட்டையைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தை முழுக்கக் கீழே இழுத்தால் தோடியின் ரிஷபம், முழுக்க மேலே தள்ளினால் மத்யமம். அந்தக் காந்தாரம் அசைய வேண்டிய இடம் முழுவதும் உன் கட்டைவிரலுக்குள் வந்துவிட்டது. சட்ஜமத்திலிருந்து பஞ்சமத்துக்கு வழுக்கிப் போகும் ஜாரு இழுக்க வேண்டுமானால் வீச்சை ஏழு அல்லது பன்னிரண்டு அரைச்சுரமாகக் கூட்டிக்கொள்.

அசைவைத் தானாக உண்டாக்கும் எல்எஃப்ஓ இருக்கிறதே என்று கேட்பாய். பிச்சாவரம் கழியில் நீர் ஏறி வடிவதுபோல் ஒரே சீராக ஏறி இறங்கும் மெல்லிய அலை அது. பின்னணியில் நீளமாக ஒலிக்கும் ஒலிகளுக்கு அழகாக இருக்கும். சுரத்தை அசைத்து இசைக்கும் கமகத்துக்கு உதவாது. கமகம் ஓரிடத்தில் தங்கும், ஓரிடத்தில் விரையும். ராகத்துக்கு ராகம், சுரத்துக்குச் சுரம் மாறும். அதைக் கையால்தான் வாசித்துப் பதிய வேண்டும். கீபோர்டில் கர்நாடக சங்கீதக் கச்சேரி செய்யும் கே. சத்யநாராயணன் பெண்ட் சக்கரத்தால் கமகம் பிடிப்பதைக் கவனித்துப் பார்.

இன்னொன்று. மிடிச் செய்திகள் சேனல் என்ற தனி வழிகளில் போகும். ஒரு சேனலில் அனுப்பும் பெண்ட் அந்தச் சேனலின் எல்லாச் சுரங்களையும் வளைக்கும். சுருதி பிடிக்கும் ஒத்தும் நாதஸ்வரமும் ஒரே சேனலில் இருந்தால் ஒத்தும் ஆடிப்போகும். இரண்டையும் தனித்தனி டிராக்கில், தனித்தனிச் சேனலில் வை. ஒவ்வொரு சுரத்துக்கும் தனிச் சேனல் கொடுக்கும் எம்பிஇ என்ற முறை 2018இல் தரமாக ஏற்கப்பட்டது. விரலை எந்தப் பக்கம் நகர்த்தினாலும் ஒலி மாறும் கான்டினூம் என்ற கருவியை, 2009இல் வந்த ‘டெல்லி-6’ படத்தின் ‘ரெஹ்னா து’ பாட்டில் ஏ.ஆர். ரஹ்மான் வாசித்திருக்கிறார். கட்டை இல்லாத இடத்தில் சுரம் எப்படி வழுக்குகிறது என்று அதில் கேட்கலாம்.

விலையுயர்ந்த கருவி வாங்கும்வரை நீ காத்திருக்க வேண்டாம். இரண்டு சக்கரமுள்ள சாதாரணக் கீபோர்டே போதும். முதலில் சுரங்களை மட்டும் பதிவு செய். அடுத்த சுற்றில் அதே டிராக்கில் பெண்டை மட்டும் வாசித்துச் சேர். மூன்றாவது சுற்றில் மாடுலேஷன் சக்கரத்தால் மூச்சைச் சேர். கையால் தவறியதை எடிட்டரில் கோடாகப் பார்த்துத் திருத்தலாம்.

அதற்கும் முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. சிதம்பரத்துக்குப் போய் நடராசர் கோயிலில் நாதஸ்வர மேளம் வாசிக்கும்போது பக்கத்தில் நின்று, ஒரு சுரம் தொடங்கியதிலிருந்து முடிகிறவரை அதற்கு என்னென்ன நடக்கிறது என்று கேள். காதில் ஏறாத அசைவைச் சக்கரத்தில் கொண்டுவர முடியாது. மென்பொருளை ஒரு வாரத்தில் கற்றுக்கொள்வாய். கேட்பதற்கு அதைவிட அதிக நாள் கொடு தம்பி.