சிறிய இயந்திரம், முழு வலு

1985இல் திறக்கப்பட்ட விக்டோரியா நீர்த்தேக்கத்துள் கண்டிக்கு அண்மையிலிருந்த பழைய தெல்தெனிய நகரும் சூழவிருந்த வயல்களும் மூழ்கின. நிலம் இழந்து நீரை நம்பவேண்டிய குடும்பத்துக்குப் படகு இயந்திரம் பெரிய முதலீடு. அதன் குதிரைவலுவைக் கூட்ட எண்ணுவோர் சிலவற்றை அறிந்திருத்தல் நன்று.

கடல்மட்டத்துக்கு 400 மீட்டருக்கு மேலே காற்று சற்று ஐதானது. கரையோரத்தில் 10 குதிரைவலு தரும் இயந்திரம் இங்கே ஏறத்தாழ 9½ தான் தரும். சிலிண்டரைக் கடைந்து வலுவைக் கூட்டலாம். ஆனால் சூடேறி, பிஸ்டன் இறுகி, நடுநீரில் நின்றுவிடக்கூடும். மேலும், பாரமேற்றி மெதுவாகச் செல்லும் படகின் வேகத்தைக் காற்பங்கு கூட்டுவதற்கே ஏறத்தாழ இருமடங்கு வலு வேண்டும். எரிபொருட் செலவும் அவ்வாறே ஏறும்.

ஆகவே, இருக்கும் வலுவை வீணாக்காதிருப்பதே மலிவான வழி. முழுவிசையிலும் இயந்திரம் திணறினால், இதழ்ச்சரிவு குறைந்த விசிறியைப் பூட்டுங்கள். வளைந்த இதழை நிமிர்த்துங்கள். பிளக்கில் படிந்த கரியைத் துடையுங்கள். ஒயில் கலக்கும் இயந்திரமாயின், கைந்நூலில் உள்ள அளவையே கலவுங்கள். படகின் அடிப்பாசியைச் சுரண்டி, உள்ளே தேங்கிய நீரை இறையுங்கள்.

இத்தனைக்குப் பின்னும் வலு போதாதெனில், படகின் பின்பலகை எவ்வளவு தாங்கும் என்று விசாரித்த பின்னரே பெரிய இயந்திரத்துக்குக் கடன் எடுங்கள்.