எழுத்துக்கூட்டத் தெரிந்த வீட்டுக்கு ஃபோனிக்ஸ் புதிதல்ல

எல்.கே.ஜி. படிக்கும் குழந்தையை உட்காரவைத்து ‘சி, ஏ, டி... கேட்’ என்று சொல்லிக்கொடுக்காத வீடு நம் ஊர்களில் குறைவு. அந்த மூன்று எழுத்துப் பெயர்களையும் வேகமாகச் சேர்த்துச் சொல்லிப்பாருங்கள். ‘சீயேட்டீ’ என்றுதான் வரும், ‘கேட்’ வராது. அப்படியும் குழந்தை சரியாகச் சொல்கிறதென்றால் பக்கத்தில் பூனைப் படம் இருக்கிறது, அல்லது நேற்றுச் சொன்னது நினைவிருக்கிறது என்று பொருள். இந்த மனப்பாடம் யு.கே.ஜி. வரை தாங்கும். பாடத்தில் சொற்கள் பெருகி, படங்கள் குறையும்போது குழந்தை முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகிக்கத் தொடங்குகிறது. எழுத்தின் பெயரை விட்டு அதன் ஒலியைப் பிடித்துக் கூட்டிப் படிக்கச் சொல்லும் ஃபோனிக்ஸ் முறை இந்த இடத்தில்தான் உதவுகிறது. அதைக் கற்றுத்தரத் தனி வகுப்பும் விலையுயர்ந்த அட்டைகளும் தேவையில்லை. தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த பெற்றோருக்கு அதன் அடிப்படை ஏற்கெனவே கைவசம் இருக்கிறது.

ஃபோனிக்ஸ் தேவையா என்ற சண்டை ஆங்கிலம் பேசும் நாடுகளில் பல பத்தாண்டுகள் நடந்தது. 1955இல் எழுத்தாளர் ருடால்ஃப் ஃப்ளெஷ் அமெரிக்கப் பள்ளிகளின் சொல் மனப்பாட முறையைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். 2000ஆம் ஆண்டில் அந்நாட்டின் தேசிய வாசிப்புக் குழு அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, ஒலிகளை வரிசை முறையாகக் கற்பிப்பதே நல்ல பலன் தருகிறது, அதிலும் முதல் வகுப்புக்குள் தொடங்கினால் பலன் கூடுதல் என்று சொன்னது. இங்கிலாந்து 2012 முதல் ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகளுக்கு ஒரு சிறு சோதனை வைக்கிறது. 40 சொற்களில் 20 சொற்கள் அகராதியிலேயே இல்லாத பொய்ச் சொற்கள். மனப்பாடம் செய்த குழந்தை அங்கே மாட்டிக்கொள்ளும், கூட்டத் தெரிந்த குழந்தை படித்துவிடும். முதல் ஆண்டில் 58 சதவீதமாக இருந்த தேர்ச்சி 2019இல் 82 சதவீதமானது. ஆசிரியர்கள் தேர்வுக்குப் பழகிக்கொண்டதும் அதில் சேர்ந்திருக்கலாம். ஆனாலும் தெரியாத சொல்லைக் கொடுத்துப் பார்க்கும் அந்த உத்தி வீட்டிலும் செய்யக்கூடியது.

தமிழ்க் குழந்தை 247 எழுத்துகளையும் தனித்தனியாக மனப்பாடம் செய்வதில்லை. ‘ப்’போடு ‘ஆ’ சேர்ந்தால் ‘பா’ என்ற கணக்கைப் பிடித்துக்கொள்கிறது. ஆங்கிலத்தில் கேட்பதும் இதே கணக்குதான். ஒரு வேறுபாட்டை மட்டும் கவனிக்க வேண்டும். மெய்யெழுத்தை நாம் ‘இக்’, ‘இங்’ என்று முன்னால் ஓர் இகரம் வைத்துச் சொல்லிப் பழகியவர்கள். ஆங்கிலத்துக்கு வரும்போது ‘ஸு’, ‘மு’ என்று பின்னால் ஓர் உகரம் ஒட்டிவிடுகிறோம். ‘ஸு-அ-னு’ என்று சொன்னால் எந்தக் குழந்தைக்கும் ‘ஸன்’ கிடைக்காது. ‘ஸ்ஸ்ஸ்... அ... ன்ன்ன்’ என்று வால் இல்லாமல் இழுத்துச் சொன்னால் கிடைத்துவிடும். அதனால் இழுக்க முடிகிற ஒலிகளை முதலில் எடுப்பது நல்லது. சட்டென்று நின்றுவிடும் ‘ட்’, ‘ப்’ போன்றவை சொல்லின் கடைசியில் வரட்டும். எழுத்தைக் காட்டுவதற்கு முன்பே வாயாலேயே இதை விளையாடலாம், அதையும் தமிழிலேயே தொடங்கலாம். ‘ம்... ஈ... ன்... என்ன சொல்லு?’ என்று கேட்டால் ‘மீன்’ என்று கண்டுபிடிக்கிற குழந்தை பாதிக் கிணறு தாண்டிவிட்டது. நம் குழந்தைகளுக்கு அசையைப் பிரிப்பது எளிது, ஒற்றை ஒலியைப் பிரிப்பதற்குக் கூடுதல் நாள் பிடிக்கும். கன்னடம் படிக்கும் குழந்தைகளிடம் ஆய்வாளர் சொனாலி நாக் கண்டதும் இதுதான். எனவே அவசரம் கூடாது, ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும்.

ஆங்கிலம் தமிழைப் போல எழுதியபடி படிக்கிற மொழி இல்லையே என்பார்கள். உண்மைதான். 26 எழுத்துகள் ஏறத்தாழ 44 ஒலிகளைச் சுமக்கின்றன. 2003இல் வெளியான ஓர் ஆய்வில், முதல் வகுப்பு முடிவில் பெரும்பாலான ஐரோப்பிய மொழிக் குழந்தைகள் பழகிய சொற்களை ஏறக்குறைய முழுதும் சரியாகப் படித்தார்கள். ஆங்கிலம் படித்த ஸ்காட்லாந்துக் குழந்தைகளுக்கு மூன்றில் ஒரு பங்குதான் சரியாக வந்தது. கடினமான மொழி என்பதால் முறை வேண்டாம் என்றாகிவிடாது, அங்கேதான் முறை கூடுதலாக வேண்டும். ‘எஸ், ஏ, ஐ, டி’ என்று எழுதி ‘ஸெட்’ என்று படிக்கிறோம். அதிலும் முதல் ஒலியும் கடைசி ஒலியும் ஒழுங்காகவே இருக்கின்றன, நினைவில் வைக்க வேண்டியது நடுப்பகுதி மட்டுமே. தமிழிலும் கல், நகம், தங்கம் மூன்றிலும் ‘க’ ஒரே மாதிரி ஒலிப்பதில்லை. குழந்தை அதைச் சமாளிக்கவில்லையா?

‘எங்கள் உச்சரிப்பே சரியில்லை, நாங்கள் எப்படிச் சொல்லித்தருவது?’ என்று தயங்கும் பெற்றோர் பலர். வெள்ளைக்காரர் மாதிரி பேச வேண்டிய தேவையே இல்லை. சொல்லின் பொருளை மாற்றுகிற ஒலி வேறுபாடுகளைக் காட்டினால் போதும். பேனாவின் முதல் ஒலிக்கும் பஸ்ஸின் முதல் ஒலிக்கும் நாம் ஒரே ‘ப’வை எழுதினாலும் வாயில் இரண்டையும் வேறாகத்தான் சொல்கிறோம். தொண்டையில் கைவைத்துச் சொன்னால் பஸ்ஸில் வரும் அதிர்வைக் குழந்தையே உணரும்.

பொருள் தெரியாமல் கடகடவென்று வாசித்து என்ன பயன் என்பது இவை எல்லாவற்றையும்விடக் கனமான கேள்வி, நம் வீடுகளுக்கே உரிய கேள்வியும்கூட. வாசிப்பு என்பது எழுத்தை ஒலியாக்கும் திறனையும் மொழியறிவையும் பெருக்கி வருவது, ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம் என்று 1986இல் ஆய்வாளர்கள் காஃபும் டன்மரும் எழுதினார்கள். லண்டன் குழந்தை கூட்டிப் படிக்கும் சொல்லை அதன் காது முன்பே அறிந்திருக்கும். நம் குழந்தைக்கோ சொல்லும் புதிது, எழுத்தும் புதிது. அதனால் பஸ், பென், கப், பேக், நெட் என்று வீட்டில் தினமும் புழங்குகிற சொற்களிலிருந்தே தொடங்க வேண்டும். புதிய சொல்லானால் பொருளைத் தமிழில் சொல்லிவிட்டுக் கூட்டச் சொல்ல வேண்டும். தமிழில் கதை சொல்வதை இதற்காக நிறுத்துவது பெரிய இழப்பு, கதை கேட்டு வளரும் மொழியறிவுதான் நாளை ஆங்கில வாசிப்புக்கும் பொருள் தரப்போகிறது.

மூன்று வயதுக் குழந்தையிடம் பென்சிலைத் திணிக்காதீர்கள், அந்த வயதுக்கு வாய் விளையாட்டு போதும். நான்கு, ஐந்து வயதில் எழுத்தைக் காட்டும்போது படத்தைக் கையால் மறைத்துவிட்டு ஒலிகளைச் சொல்லச் சொல்லுங்கள். குழந்தை திணறினால் விடையைச் சொல்லிவிடாமல் முதல் ஒலியை நீங்கள் இழுத்துக் கொடுங்கள், அடுத்ததை அது சேர்க்கட்டும்.