விலை இறங்கிய விரலி

நம் பல்கலைக்கழக விடுதியில் விரலி இல்லாத மாணவரைக் காண்பது அரிது. பேச்சில் 'பென்டிரைவ்' என்போம். இதழுக்கு எழுதும்போது மட்டும் அது 'விரலி' ஆகிவிடும். என் மாமா 2006-இல் 256 மெகாபைட் விரலியை 60 வெள்ளிக்கு வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தாராம். ஈராண்டுகளுக்கு முன் ஸ்கூடாயில் இரவுச் சந்தையொன்றில் நான் வாங்கியது 128 ஜிகாபைட். விலை 15 வெள்ளி. கொள்ளளவு 500 மடங்கு, விலையோ கால் பங்கு!

அந்த விரலியில்தான் பாட்டியின் பாடல்களைச் சேமித்தேன். குளுவாங் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் சீவிய காலத்தில் அவர் பாடியவை. மூன்று நாள் கைப்பேசியில் படம்பிடித்து, விரலிக்கு மாற்றிவிட்டு, கைப்பேசியில் இருந்ததை அழித்துவிட்டேன். பிறகு பார்த்தால் முதல் நாள் பதிவு மட்டுமே திறந்தது. மற்றவற்றின் பெயர்கள் இருந்தன, உள்ளே ஒன்றுமில்லை.

இது எப்படி நேர்கிறது? விரலிக்குள் இரண்டு முக்கியப் பாகங்கள் உண்டு. ஒன்று, தரவைத் தாங்கும் நினைவகச் சில்லு. மற்றொன்று, அதை நிர்வகிக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு. இதில் நம்மவர் பங்கும் உண்டு. சிலாங்கூர், செகிஞ்சானில் பிறந்த புவா கெயின் செங், தைவானில் நண்பர்களோடு 2000-இல் தொடங்கிய ஃபைசன் நிறுவனம் இத்தகைய கட்டுப்பாட்டுச் சில்லுகளால் பெயர்பெற்றது. அதே 2000-இல், ஜொகூர் பாலத்திற்கு அப்பால், சிங்கப்பூரின் டிரெக் 2000 நிறுவனம் 'தம்ப்டிரைவ்' என்ற பெயரில் விரலியை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

கணினி கொள்ளளவைத் தானே அளந்து பார்ப்பதில்லை. கட்டுப்பாட்டுச் சில்லு சொல்வதை நம்புகிறது. 8 ஜிகாபைட் நினைவகத்தை வைத்து, '128' என்று பொய் சொல்லும்படி அச்சில்லின் நிரலை மாற்றிவிட்டால் கணினியும் 128 என்றே காட்டும். கோப்புப் பெயர்களின் பட்டியல் முன்பகுதியில் பதிவாவதால் பெயர்கள் தெரியும். 8-ஐத் தாண்டியவை எங்கும் பதிவாவதில்லை. சில விரலிகளில் பழைய கோப்புகளின் மேலேயே எழுதப்பட்டுவிடும். நகலெடுக்கும்போது பிழைச்செய்தி எதுவும் வராது என்பதுதான் கொடுமை. (உண்மையான 128 ஜிகாபைட் விரலியை விண்டோஸ் ஏறத்தாழ 119 என்று காட்டும். அது மோசடி அன்று. ஆயிரத்தால் எண்ணுவதற்கும் 1,024-ஆல் எண்ணுவதற்கும் உள்ள வேறுபாடு.)

போலி அல்லாத விரலிகளும் ஒரே தரத்தவை அல்ல. நினைவகத்தின் நுண்ணறை ஒவ்வொன்றும் மின்னூட்டத்தைத் தாங்குகிறது. ஓர் அறையில் ஒரு பிட் வைத்தால் இரண்டு நிலைகளைப் பிரித்தறிந்தால் போதும். மூன்று பிட் என்றால் எட்டு நிலைகள், நான்கு என்றால் பதினாறு. விலை இறங்கியதற்கு இது முக்கியக் காரணம். ஆனால், ஒரு பிட் அறை ஏறத்தாழ ஒரு இலட்சம் முறை அழித்தெழுதத் தாங்கும். மூன்று பிட் அறைக்கு ஆயிரம் முறை என்பதே பொதுவான கணக்கு. மின்னூட்டமும் ஆண்டுக்கணக்கில் மெல்லக் கசியும். அலமாரியில் போட்டுவைத்தால் பத்திரம் என்று நினைப்பது தவறு.

புதிய விரலியை வாங்கியதும் செய்யவேண்டியது ஒன்றுண்டு. விண்டோஸில் 'எச்2டெஸ்ட்டபிள்யூ', லினக்ஸிலும் மேக்கிலும் 'எஃப்3' என்ற இலவச நிரல்கள் விரலியை முழுக்க நிரப்பி, எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்க்கும். பெரிய விரலிக்குச் சில மணி நேரம் ஆகலாம். என் விரலியைப் பிறகுதான் சோதித்தேன்; ஏறத்தாழ 8 ஜிகாபைட்டோடு நின்றது. விற்றவரை அடுத்த வாரச் சந்தையில் காணவில்லை.

பாட்டியை மறுபடியும் பாடச் சொன்னேன். சிரித்துக்கொண்டே பாடினார். மூன்று பாடல்கள் மட்டும் அவருக்கு நினைவுக்கு வரவில்லை. பாடியவை இப்போது வெவ்வேறு நிறுவனங்களின் இரண்டு விரலிகளிலும் என் மடிக்கணினியிலும் உள்ளன.