டயாலிசிஸ் ஊசி முதல் புற்றுநோய் மருந்து வரை.. எல்லாமே ஒரு ஹாம்ஸ்டர் செல்லில் இருந்தா? சிஹெச்ஓ செல் என்றால் என்ன?

வீட்டில் யாராவது டயாலிசிஸ் செய்துகொண்டால் இந்த ஊசி உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஹீமோகுளோபின் குறையும்போது போடுவார்கள். பெயர் எரித்ரோபொய்டின், சுருக்கமாக ஈபிஓ. பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்துத் தாளைப் பிரித்துப் படித்தால், பல பிராண்டுகளில் 'சைனீஸ் ஹாம்ஸ்டர் ஓவரி செல்' என்று ஒரு வரி இருக்கும். தமிழில் சொன்னால் சீன ஹாம்ஸ்டரின் சினைப்பை செல். எலி மாதிரி இருக்குமே, அந்தச் சின்ன பிராணியேதான்.

"அய்யோ, எலிகிட்ட இருந்து எடுத்த மருந்தா இது?" என்று பதற வேண்டாம். என்ன நடக்கிறது என்று பார்க்கலாம்.

விமானம் ஏறிய 20 ஹாம்ஸ்டர்கள்

1919-லேயே பீக்கிங்கில் நிமோனியா கிருமி ஆய்வுக்கு இந்த ஹாம்ஸ்டர்களைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். பிறகு காலா அசார் காய்ச்சல் ஆய்விலும் உதவின. 1948-ல் சீன உள்நாட்டுப் போர் முடிவை நெருங்கிய நேரத்தில், ராபர்ட் பிரிக்ஸ் வாட்சன் என்ற அமெரிக்க மருத்துவர் 10 ஆண், 10 பெண் ஹாம்ஸ்டர்களை ஷாங்காயிலிருந்து விமானத்தில் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். பிராணிகளைக் கொடுத்து உதவியது பீக்கிங் யூனியன் மருத்துவக் கல்லூரியின் டாக்டர் ஹூ. அந்த உதவிக்காகவே பின்னால் அவர் சீனாவில் விசாரணையைச் சந்திக்க வேண்டியதாயிற்று. இந்த மருந்துகளின் கதையில் அதிகம் பேசப்படாத பெயர் அவருடையது.

1957-ல் கொலராடோ பல்கலைக்கழகத்தின் தியோடர் பக், ஒரே ஒரு பெண் ஹாம்ஸ்டரின் சினைப்பையில் இருந்து செல்களை எடுத்துக் கண்ணாடித் தட்டில் வளர்த்தார். சாதாரண செல்கள் சில தடவை பிரிந்ததும் ஓய்ந்துவிடும். இவை ஓயவில்லை. ஏறக்குறைய ஒரு நாளில் ஒன்று இரண்டாகிறது, இன்றுவரை. உலகம் முழுக்க இருக்கும் சிஹெச்ஓ செல்கள் எல்லாம் அந்த ஒரு ஹாம்ஸ்டரின் வாரிசுகள்தான்.

முதலில் மருந்துக்காக இல்லை

பக் தேடியது மருந்தை அல்ல, மரபணுவை. மனிதனுக்கு 46 குரோமோசோம் என்றால் இந்த ஹாம்ஸ்டருக்கு 22தான். எண்ணுவது சுலபம், உடைந்தால் கண்டுபிடிப்பதும் சுலபம். கதிர்வீச்சு பட்டால் செல்லுக்கு என்ன ஆகும் என்று பார்க்க இதைவிட வசதியான செல் அப்போது கிடைப்பது கஷ்டம். ஒரு ரசாயனம் குரோமோசோமை உடைக்குமா என்று சோதிக்க இன்றும் ஆய்வகங்களில் சிஹெச்ஓ செல்களைப் பயன்படுத்துகிறார்கள்.

இன்னொரு வேலையும் நடந்தது. டிஎன்ஏ பழுதை ரிப்பேர் செய்யத் தெரியாத ஹாம்ஸ்டர் செல்களை உருவாக்கி, அவற்றுக்குள் மனித மரபணுக்களைப் போட்டுப் பார்த்தார்கள். எந்த மரபணு உள்ளே போனதும் செல் சரியாகிறதோ, அதுதான் ரிப்பேர் மரபணு. இஆர்சிசி1 என்ற மனித மரபணு 1984-ல் இப்படித்தான் பிடிபட்டது.

பாக்டீரியா போதாதா?

இன்சுலினுக்குப் போதும். அது சின்னப் புரதம், பாக்டீரியாவே செய்து தந்துவிடும். ஆனால் ஈபிஓ மாதிரி புரதங்களின் மேல் சர்க்கரைச் சங்கிலிகள் ஒட்டியிருக்க வேண்டும். அவை இல்லாவிட்டால் உடம்பு அந்தப் புரதத்தைச் சீக்கிரமே வெளியேற்றிவிடும், ஊசி போட்டும் பிரயோஜனம் இருக்காது. பாக்டீரியாவுக்கு அந்த மாதிரி சர்க்கரை ஒட்டும் வேலை வராது. ஹாம்ஸ்டர் செல்லுக்கு வரும், அதுவும் கிட்டத்தட்ட மனித செல் ஒட்டுவதைப் போலவே.

சரி, மனித மரபணுவைச் செல்லுக்குள் போட்டால் எந்தச் செல் அதை எடுத்துக்கொண்டது என்று எப்படித் தெரியும்? கொலம்பியா பல்கலைக்கழகத்தின் லாரன்ஸ் சேசினும் கெயில் அர்லாபும் 1980-ல் இதற்கு வழி கொடுத்தார்கள். உயிர்வாழத் தேவையான டிஹெச்எஃப்ஆர் என்ற நொதி இல்லாத சிஹெச்ஓ செல்லை அவர்கள் உருவாக்கினார்கள். மருந்துக்கான மரபணுவோடு இந்த நொதியின் மரபணுவையும் சேர்த்துக் கொடுத்தால், வாங்கிக்கொண்ட செல் பிழைக்கும், மற்றவை சாகும். கடையில் காம்போ ஆஃபர் கொடுப்பது மாதிரி.

அதோடு விடவில்லை. அந்த நொதியைத் தடுக்கும் மெத்தோட்ரெக்சேட் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள். தப்பிக்க செல் அந்த மரபணுவை நிறைய நகல் எடுக்கும். கூடவே ஒட்டியிருக்கும் மருந்து மரபணுவும் நகலாகும். விளைவு, ஒரே செல் பல மடங்கு மருந்தைத் தயாரிக்கும்.

மாரடைப்பில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் டிபிஏ மருந்து 1987-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சிஹெச்ஓ செல்லில் இருந்து வந்த முதல் மருந்து அதுதான். 1989-ல் ஈபிஓ. 1998-ல் மார்பகப் புற்றுநோய்க்கான டிராஸ்டுசுமாப். 2021-ல் இந்தியாவில் ஒரு டோஸ் 59,750 ரூபாய்க்கு விற்ற கொரோனா ஆன்டிபாடி காக்டெய்லும் இதே செல்லில் தயாரானதுதான்.

அப்போ ஊசியில் எலி இருக்கிறதா?

இல்லை. செல் என்பது தொழிற்சாலை, மருந்து அதில் இருந்து வெளியே வரும் சரக்கு. பெரிய எஃகுத் தொட்டிகளில் செல்கள் திரவத்தில் மிதந்தபடி புரதத்தைச் சுரக்கும். செல்களை நீக்கிவிட்டுப் புரதத்தை மட்டும் பல கட்டமாகச் சுத்திகரிப்பார்கள். ஹாம்ஸ்டர் புரதம் மிச்சம் இருந்தாலும் மிக மிக நுண்ணிய அளவுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. யாருக்காவது இதனால் ஒவ்வாமை வரலாம் என்பதற்காகத்தான் பெட்டித் தாளில் அந்த வரி. முன்பு ஏதாவது ஊசிக்கு அலர்ஜி வந்திருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மருந்து தயாரிக்க ஹாம்ஸ்டர்களைக் கொல்வதும் இல்லை. உறைய வைத்த செல் வங்கியில் இருந்து ஒரு குப்பியை எடுத்து வளர்த்தாலே போதும்.

உண்மையான கவலை வேறு இடத்தில் இருக்கிறது. 2009 ஜூனில் அமெரிக்காவின் பாஸ்டனில் உள்ள ஜென்சைம் ஆலையின் தொட்டிகளுக்குள் வெசிவைரஸ் 2117 என்ற வைரஸ் புகுந்தது. மனிதர்களுக்கு இதனால் நோய் வந்ததாகத் தெரியவில்லை, ஆனால் ஹாம்ஸ்டர் செல்களின் வளர்ச்சி படுத்துவிட்டது. ஆலையை நிறுத்திச் சுத்தம் செய்தார்கள். காஷர், ஃபேப்ரி என்ற அரிய மரபணு நோய்க்காரர்கள் வாழ்நாள் முழுக்கப் போட வேண்டிய மருந்துக்குத் தட்டுப்பாடு வந்தது. டோஸைக் குறைத்தும் தள்ளிப்போட்டும் சமாளிக்க வேண்டிய நிலை. ஒரே ஆலையை, ஒரே வகைச் செல்லை நம்பியிருந்ததன் விலை அது.

விலையும் இதே விஷயத்தோடு ஒட்டியதுதான். மாத்திரையை ரசாயன ஃபார்முலாவை வைத்து அப்படியே நகல் எடுக்கலாம். இந்த மருந்துகளை அப்படி எடுக்க முடியாது. வேறு கம்பெனி செய்தால் அது வேறு செல், சர்க்கரைச் சங்கிலியிலும் சின்ன வித்தியாசம் வரலாம். அதனால்தான் இவற்றை ஜெனரிக் என்று சொல்லாமல் 'பயோசிமிலர்' என்கிறார்கள். ஒவ்வொன்றும் அசல் மருந்துக்கு இணையானது என்று சோதனை நடத்தி நிரூபிக்க வேண்டும். இந்தியாவில் டாக்டர் ரெட்டீஸ் 2007-ல் ரிட்டுக்சிமாபையும், பெங்களூருவின் பயோகான் 2014-ல் டிராஸ்டுசுமாபையும் இப்படிக் கொண்டுவந்தன. எனவே டாக்டர் புற்றுநோய் ஊசி எழுதித் தரும்போது, "இதுக்கு பயோசிமிலர் இருக்கா?" என்று தயங்காமல் கேட்கலாம்.