கடல் புகுந்த குகைகள்

பிரான்ஸ் நாட்டின் தென்கரையில் உள்ள பெரிய துறைமுகம் மார்செய். அதன் அருகே வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைகள் செங்குத்தாகக் கடலுக்குள் இறங்குகின்றன. ஆன்ரி கோஸ்கேர் என்ற ஆழ்கடல் நீச்சல்காரர் 1985-ல் அந்தப் பாறையின் அடியில், கடல் மட்டத்துக்கு 37 மீட்டர் கீழே, ஒரு சிறிய வாசலைக் கண்டார். உள்ளே நூறு மீட்டருக்கு மேல் நீண்ட, இருண்ட, குறுகலான சுரங்கம். அது மெல்ல மெல்ல மேலேறி, தண்ணீர் இல்லாத ஒரு பெரிய கூடத்தில் முடிந்தது. 1991-ல் மீண்டும் சென்றபோது விளக்கு வெளிச்சத்தில் சுவரில் ஒரு கையின் உருவம் தெரிந்தது. யாரோ சுவரில் கையை வைத்து, அதைச் சுற்றி வண்ணத்தை ஊதியிருக்கிறார்கள்!

அதே 1991-ம் ஆண்டு செப்டம்பரில் அந்தச் சுரங்கத்துக்குள் சென்ற மூன்று நீச்சல்காரர்கள் வழி தெரியாமல் சிக்கி உயிரிழந்தனர். அதன்பிறகே குகையைப் பற்றிய செய்தி வெளி உலகுக்கு வந்தது. அரசாங்கம் வாசலை அடைத்துவிட்டது. குகைக்குக் கண்டவரின் பெயரே நிலைத்தது.

குதிரை, காட்டெருமை, மலையாடு, கடல்நாய், இன்று உலகிலேயே இல்லாமல் போய்விட்ட பெரிய ஆக் என்ற கடற்பறவை என நூற்றுக்கணக்கான உருவங்கள் அங்கே உள்ளன. "இது போலி" என்று சில அறிஞர்கள் சொன்னார்கள். கரியைச் சோதித்து வயதைக் கணக்கிட்டபோது சந்தேகம் தீர்ந்தது. பழைய கை உருவங்கள் 27,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை. விலங்கு ஓவியங்களில் பல சுமார் 19,000 ஆண்டுகள் பழையவை.

அந்த மனிதர்களுக்கு மூச்சுக் கருவி ஏது? கடலுக்கு அடியில் 37 மீட்டர் இறங்கி, இருட்டில் நீந்தி எப்படிப் போனார்கள்? அவர்கள் நீந்தவே இல்லை, நடந்து போனார்கள். அன்று கடல் அங்கே இல்லை.

கடல் எங்கே போயிருந்தது?

சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் பூமி கடும் குளிரில் இருந்தது. கனடாவையும் வட ஐரோப்பாவையும் கிலோமீட்டர் கணக்கான தடிமனில் பனிப்பாளம் மூடியிருந்தது. அந்தப் பனிக்கான தண்ணீர் கடலிலிருந்துதான் வந்தது. கடல் நீர் ஆவியாகி, நிலத்தில் பனியாக விழுந்து, உருகித் திரும்பாமல் அங்கேயே தங்கிவிட்டது. அதனால் உலகெங்கும் கடல் மட்டம் இன்றைவிடச் சுமார் 120 மீட்டர் கீழே போயிற்று. நாற்பது மாடிக் கட்டடம் ஒன்றின் உயரம் அது! மார்செய்க் கரையில் கடல் பல கிலோமீட்டர் விலகிப் போயிருந்தது. குகை வாசல் ஒரு குன்றின் சரிவில், உலர்ந்த நிலத்தில் இருந்தது.

பிறகு பனி உருகத் தொடங்கியது. சுமார் 13,000 ஆண்டுகளில் கடல் ஏறக்குறைய இன்றைய அளவுக்கு உயர்ந்தது. சராசரியாக நூறாண்டுக்கு ஒரு மீட்டர் எனலாம். ஆனால் ஒரே சீராக உயரவில்லை. சுமார் 14,600 ஆண்டுகளுக்கு முன் சில நூற்றாண்டுகளுக்குள்ளேயே பதினைந்து மீட்டர் அளவுக்கு உயர்ந்த காலமும் உண்டு. கோஸ்கேர் குகையின் வாசல் சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் மூழ்கியது. கூடம் மேலே இருந்ததால் ஓவியங்களில் ஒரு பகுதி தப்பியது.

வீட்டில் குழந்தைகளுக்கு இதை எளிதாகக் காட்டலாம். இரண்டு டம்ளரில் பாதியளவு தண்ணீர் ஊற்றுங்கள். ஒன்றில் ஐஸ் கட்டியை மிதக்க விடுங்கள். மற்றதன் மேல் டீ வடிகட்டியை வைத்து, அதில் ஐஸ் கட்டியைப் போடுங்கள். இரண்டிலும் நீர்மட்டத்தைக் குறித்துக்கொண்டு, ஐஸ் உருகியதும் பாருங்கள். மிதந்த ஐஸ் உருகினால் மட்டம் மாறாது. வடிகட்டியில் இருந்தது உருகினால் மட்டம் ஏறும். நிலத்தின் மேல் இருக்கும் பனிதான் கடலை உயர்த்துகிறது என்பது இதிலேயே விளங்கிவிடும்.

குகையைக் குடைந்தது யார்?

மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு இலேசான அமிலமாகிறது. அது சுண்ணாம்புப் பாறையின் விரிசல்களில் இறங்கி, ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் கல்லைக் கரைத்து வழி உண்டாக்குகிறது. இது பெரும்பாலான சுண்ணாம்புக் குகைகளுக்குப் பொது.

கடலோரத்தில் இன்னொரு வேலையும் நடக்கிறது. நிலத்தடி நன்னீர் எடை குறைவானது. ஆகவே உப்புநீரின் மேல் மிதக்கிறது. இரண்டும் தனித்தனியே இனிமேல் கல்லைக் கரைக்க முடியாது என்னும் அளவுக்குச் சுண்ணாம்பை ஏற்றிருக்கலாம். ஆனால் அவை கலக்கும் இடத்தில், அந்தக் கலவைக்குக் கல்லைக் கரைக்கும் சக்தி புதிதாக வந்துவிடுகிறது! கடல் ஏறினால் இந்தக் கலப்பு மட்டமும் ஏறும், இறங்கினால் இறங்கும். அதனால்தான் கடலோரப் பாறைகளில் வெவ்வேறு உயரங்களில் குகைகள் அடுக்கடுக்காக அமைகின்றன. பஹாமாஸ் தீவுகளில் இன்றைய கடல் மட்டத்துக்குச் சில மீட்டர் மேலே உலர்ந்து கிடக்கும் குகைகள், சுமார் 1,25,000 ஆண்டுகளுக்கு முன் கடல் இன்றைவிட உயர்ந்திருந்த காலத்தின் அடையாளம்.

விழுது சொல்லும் கணக்கு

விடுமுறையில் விசாகப்பட்டினம் பக்கம் போரா குகைகளையோ, அந்தமானில் பாராடாங் தீவின் சுண்ணாம்புக் குகையையோ பார்த்தவர்கள், கூரையிலிருந்து ஆலம் விழுதுபோல் தொங்கும் கல்லைப் பார்த்திருப்பீர்கள். சொட்டும் நீரிலிருந்து கரியமில வாயு வெளியேற, சுண்ணாம்பு அங்கேயே படிகிறது. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவதும் இதே சுண்ணாம்புதான். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சொட்டு சொட்ட வேண்டுமானால் காற்று வேண்டும். தண்ணீருக்குள் விழுது வளராது. ஆகவே கடலுக்கு அடியில் விழுதைக் கண்டால், அந்த இடம் ஒரு காலத்தில் உலர்ந்த குகை என்று அடித்துச் சொல்லலாம். மத்திய அமெரிக்காவில் பெலிஸ் நாட்டுக் கடலில் 'நீலக்குழி' என்று ஒன்று உண்டு. 300 மீட்டர் அகலம், 125 மீட்டர் ஆழம். அதற்குள்ளேயும் பெரிய பெரிய விழுதுகள் தொங்குகின்றன.

எப்போது உலர்ந்திருந்தது என்பதையும் விழுதே சொல்கிறது. யுரேனியம் நீரில் கரையும், தோரியம் கரையாது. எனவே புதிதாகப் படியும் சுண்ணாம்பில் யுரேனியம் இருக்கும்; தோரியம் ஏறக்குறைய இருக்காது. காலம் செல்லச் செல்ல யுரேனியம் சிதைந்து தோரியமாகிறது. இரண்டின் அளவையும் பார்த்தால் வயது தெரிந்துவிடும்.

ஸ்பெயினின் மயோர்க்கா தீவுக் குகைகளில் இன்னும் நுட்பமான சான்று கிடைக்கிறது. அங்குள்ள குளங்கள் கடலோடு தொடர்புடையவை. குளத்தின் நீர்மட்டம் எங்கே நின்றதோ, அங்கே விழுதைச் சுற்றிச் சுண்ணாம்பு பட்டையாகப் படிந்து புடைத்திருக்கும். பட்டையின் உயரம்தான் அன்றைய கடலின் உயரம். அங்கே ஆர்தா குகையில் நடந்த ஆய்வு 2019-ல் வெளியானது. பூமி இன்றைய தொழில் யுகத்துக்கு முந்தைய நிலையைவிட 2, 3 டிகிரி வெப்பம் மிகுந்திருந்த காலத்தில், அதாவது சுமார் 33 லட்சம் ஆண்டுகளுக்கு முன், கடல் ஏறத்தாழ 16 மீட்டர் உயரத்தில் நின்றது என்று அது சொல்கிறது.

நம் பக்கத்துக் கடல்

பாக் நீரிணை பல இடங்களில் பத்துப் பன்னிரண்டு மீட்டர் ஆழம்தான். கடல் 120 மீட்டர் இறங்கியிருந்த காலத்தில் அது வெறும் தரை. தமிழகத்திலிருந்து இலங்கைக்குக் கால்நடையாகவே போயிருக்கலாம்.

இதைப் படிக்கும்போது கடல்கோளும் கபாடபுரமும் நம் நினைவுக்கு வராமல் இராது. ஆனால் அவசரப்பட்டு முடிச்சுப் போடக்கூடாது. அந்தப் பெரும் உயர்வு சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன்பே பெரும்பாலும் அடங்கிவிட்டது. கடல்கோளை விவரிக்கும் உரைகளோ அதற்கு மிக மிகப் பின்னால் எழுந்தவை. கடலோரத்தில் வாழ்ந்த மக்கள் கடல் நிலத்தை விழுங்குவதை அறிந்திருந்தார்கள் என்ற அளவில் நிற்பதே நியாயம்.

இப்போது நடப்பது

1900-லிருந்து கடல் மட்டம் சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. வேகமும் கூடி, ஆண்டுக்கு 3 மில்லிமீட்டருக்கு மேல் ஏறுகிறது. கோஸ்கேர் குகையில் குதிரைகள் தீட்டிய சுவரின் கீழ்ப்பகுதியைத் தண்ணீர் தொட்டுவிட்டது. தண்ணீரை வெளியே நிறுத்த வழியில்லை என்பதால், குகையை அங்குலம் அங்குலமாக அளந்து பதிவு செய்தார்கள். 2022-ல் மார்செய் நகரில் அதன் மாதிரி பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. மூலம் கண்ணெதிரே கரைந்துகொண்டிருக்க, நகலையாவது காப்பாற்றும் ஏற்பாடு இது.

அன்று கையைப் பதித்தவர்களின் சந்ததிக்குக் கடல் ஏறி வந்தபோது பெரிய சிக்கல் இருந்திராது. கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு உள்ளே நகர்ந்திருப்பார்கள். நாம் அப்படி நகர முடியாது. சென்னை, மும்பை, கொல்கத்தா, கொச்சி என்று கோடிக்கணக்கானோர் கடலோரத்திலோ கடல் மட்டத்தை ஒட்டிய தாழ்நிலத்திலோ வீடு கட்டியிருக்கிறோம். சதுப்பு நிலத்தைத் தூர்க்காமல் இருப்பதும், அலையாத்திக் காடுகளை வெட்டாமல் இருப்பதும், கரையை ஒட்டிக் கட்டடம் எழுப்பாமல் இருப்பதும் இன்று நம் கையில் உள்ளவை. குழந்தைகளுக்கு அந்த இரண்டு டம்ளர்களைக் காட்டும்போது இதையும் சொல்லி வையுங்கள்.